பலமா எழுதச் சொன்னேன்

தப்பா நினைக்காதிய அண்ணாச்சி, ஒட்டுக்கேக்கல. பக்கத்து சீட்டுல இருக்கதுனால நீங்க போன்ல மகள்ட்ட பேசினது காதுல விழுந்துட்டு. கம்ப்யூட்டர் மேல்படிப்பு, வெளிநாடு, லெட்டர் தாறேன்னு சொன்ன சாரு இன்னும் தரல. அதானே? அந்தக் கடைசி வார்த்தையக் கேட்டதும்தான் வாயத் தெறந்தேன். நானும் இந்த வழியில போயிட்டு வந்த ஆளுதான். என் மகளும் கம்ப்யூட்டர். இப்பம் கனடாவுல பி.எச்.டி. படிக்கா. ஆமா, உள்ளதுதான். இந்த மூஞ்சியப் பாத்தா நம்ப முடியல என்ன? எல்லாரும் அப்படித்தான் பாப்பாவ.

பாளையங்கோட்டை வாரதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இத எந்த ஏஜென்சிக்காரனும் ஒங்களுக்குச் சொல்ல மாட்டான்.

என் பேரு தவசிக்கனி. தூத்துக்குடியில விசாரிச்சியன்னா சொல்லுவாவ. வீடு காலி பண்ணிக் குடுக்கது நம்ம தொழிலு. வாடகைக்கு இருக்கவன் எந்திரிக்க மாட்டேங்கான், கோர்ட்டுக்குப் போனா இழுத்துக்கிட்டே கெடக்கும், அப்பம் வீட்டுக்குச் சொந்தக்காரன் நம்மளத் தேடி வருவான். நானும் கொம்பையாவும் போவோம். கொம்பையாவும் நானும் சின்ன வயசுல ஒண்ணா உப்பளத்துல கெடந்தவனுவ. மொதல்ல நல்லவிதமாப் பேசுவோம். கேக்கலன்னா வாசக்கதவக் கழட்டி எடுத்துட்டு வந்துருவோம். கதவில்லாத வீட்டுல பொம்பளப் புள்ளையள வச்சிக்கிட்டு எவனும் ராத்தங்க மாட்டான். அதுக்கும் மேல ஒருத்தன் மொறச்சிக்கிட்டு நின்னான்னா கை பேசும். ஆனா ஒண்ணு, அநியாயமா ஒருத்தனையும் தொட்டதில்ல. எல்லாம் சொல்லிட்டுத்தான் செய்வேன்.

எனக்கு ஒரே மக. பியூலா. நான் எட்டாவதத் தாண்டல, அவ அம்மா ஞானசெல்வி பத்தாவது. எங்க ரெண்டு பேருக்கும் இப்படி ஒரு புள்ள எங்கேருந்து வந்துச்சோ! கணக்குன்னா கணக்கு, இங்கிலீசுன்னா இங்கிலீசு. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும்னா. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜுல சேத்துவிட்டேன். ஹாஸ்டல்தான். தூத்துக்குடிக்கும் அங்கனைக்கும் எவ்வளவு தூரம் சொல்லுங்க, இந்தா இந்த பஸ்ஸுல ஏறி ஒரு தூக்கம் போடுததுக்குள்ள வந்துரும். ஆனா வர மாட்டா. தீபாவளி லீவு, பூஜை லீவுன்னு மத்த புள்ளைய எல்லாம் பையத் தூக்கிட்டு ஓடும், இவ ஹாஸ்டல்லயே கெடப்பா. படிப்புன்னா அப்படி ஒரு வெறி.

அங்கன ஆவுடையப்பன்னு ஒரு ப்ரொஃபசரு. அவருக்குக் கீழதான் இவ ஆராய்ச்சி பண்ணினா. என்ன ஆராய்ச்சின்னு கேட்டியன்னா, மீன்பிடிப் படகு இருக்குல்லா, அந்த எஞ்சின் ஓடுத சத்தத்த வச்சே உள்ள என்ன பழுதுன்னு கம்ப்யூட்டரு சொல்லணும். அதுக்காவ விடிய முன்ன துறைமுகத்துல போயி நின்னு சத்தம் பிடிச்சிட்டு வருவாளாம். நம்ம ஊருத் துறைமுகத்துக்குத்தான் வந்துருக்கா, வீட்டுக்கு வராமலே திரும்பிப் போயிருக்கா. வேலையில அவ்வளவு கருத்து.

சரி, விஷயத்துக்கு வாரேன். கடைசி வருஷம் ஒருநாள் வந்து, "அப்பா, நான் வெளிநாட்டுல நேரா பி.எச்.டி.க்குப் போடப்போறேன்"ன்னா. காசுக்கு என்ன மக்கா செய்யன்னு கேட்டேன். சிரிச்சா. "அவங்களே சம்பளம் குடுத்துப் படிக்க வைப்பாங்கப்பா, அதுக்குத்தான் உள்ள போறது கஷ்டம்"ன்னா. மார்க்கு இருக்குல்லான்னேன். மார்க்கு எல்லார்ட்டயும் இருக்கும், அது வாசப்படி வரைக்குந்தான் கொண்டு விடும், நீ என்ன செஞ்சிருக்கன்னுதான் பாப்பாங்களாம். பொறவு தன்னப் பத்தி ஒரு கட்டுரை எழுதணும். நான் சொன்னேன், சின்ன வயசுலயே ரேடியோவக் கழட்டிப் போட்டவன்னு எழுது, நல்லாயிருக்கும்னு. வேண்டாமாம். பொறந்ததுலேருந்து கம்ப்யூட்டர்மேல ஆசைன்னு ஊரு ஒலகமே எழுதுமாம். என்ன செஞ்சேன், எங்க முட்டிக்கிட்டு நின்னேன், இனி என்ன கண்டுபிடிக்கணும், அங்கன உள்ள எந்த ப்ரொஃபசர்கூட வேல செய்யணும், அதத்தான் எழுதணுமாம். ஒங்க மகள்ட்டயும் சொல்லுங்க. நான் நாலு எழுத்து படிக்காதவன்னாலும் அவ சொன்னது அப்படியே மனசுல கெடக்கு.

எல்லாத்துக்கும் மேல லெட்டரு. மூணு பேரு எழுதணும், இந்தப் புள்ள எப்படிப்பட்டவன்னு. நான் ஒடனே சொன்னேன், கட்சியில மாவட்டச் செயலாளரு நமக்கு வேண்டியவரு, லெட்டர்பேடுல சீல் குத்தி வாங்கியாரேன், வேணும்னா அவரு மேல கூட்டிட்டுப் போவாருன்னு. அவ தலையில கைய வச்சா. "அப்பா, பெரிய ஆளு லெட்டர் வேண்டாம். என் வேலையத் தெரிஞ்சவங்க எழுதணும். அதுவும் ஸ்ட்ராங்கா எழுதணும். நல்ல பொண்ணு, ஒழுங்கா கிளாசுக்கு வருவான்னு எழுதினா குப்பையில போட்டுருவாங்க."

ஸ்ட்ராங்கா. அந்த வார்த்தைய அவதான் சொன்னா அண்ணாச்சி. நானாச் சொல்லல. இத ஞாவகம் வச்சிக்கிடுங்க, ஏன்னா பொறவு கோர்ட்டுல என்னமோ நான்தான் அந்த வார்த்தையக் கண்டுபிடிச்ச மாதிரி கேட்டாவ.

அது டிசம்பர் மாசம். கிறிஸ்மஸ் வருதுன்னு அவ அம்மா அழுது கூப்பிட்டதுல வந்திருந்தா. ஞாயித்துக்கெழம காலையில கோயிலுக்குப் பொறப்படுதேன். வெள்ளச் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்கேன், அடுப்பாங்கரையில சத்தம் கேக்கு. அவ அம்மாட்ட எதையும் கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லணும், ஞானசெல்விக்கு இடது காது கேக்காது. "மத்த ரெண்டு லெட்டரும் வந்துட்டும்மா, ஆவுடையப்பன் சார் லெட்டர்தான் வரல. நாளைக்குக் கடைசி. அது இல்லன்னா ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்லிட்டு விசும்புதா.

என் புள்ள அழுதா. எனக்குத் தெரிஞ்சி பெரிய மனுஷி ஆனதுக்குப் பொறவு அவ அழுது நான் கேட்டதே இல்ல.

கோயில்ல ஒக்காந்திருக்கேன். பாட்டு ஓடுது, ஜெபம் ஓடுது, என் காதுல அந்த விசும்பல்தான். ரெண்டு வருஷம் புள்ளைய மாடா வேல வாங்கிட்டு ஒரு லெட்டரு குடுக்க வலிக்குதோ? கோயில் விட்டதும் வீட்டுக்குப் போவல. கொம்பையாவக் கூப்பிட்டேன், கார எடுத்தோம், நேரா பாளையங்கோட்டை. வழியில ஞானசெல்வி போன் போட்டுக்கிட்டே இருந்தா. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ இல்ல. எடுக்கல. சோலிக்குப் போகும்போது பொம்பள போன எடுக்கதில்ல, அது நம்ம பழக்கம். கடைசியில அணைச்சே போட்டுட்டேன்.

வீட்டக் கண்டுபிடிச்சி மணிய அடிச்சா அவரே வந்து தெறக்காரு. கட்ட குட்டையா, கண்ணாடி போட்டு, வேட்டியும் பனியனுமா. "பியூலாவோட அப்பா"ன்னேன். "அடடே, வாங்க வாங்க"ன்னு கையப் பிடிச்சி உள்ள கூட்டிட்டுப் போயி ஒக்கார வைக்காரு. உள்ள பாத்து, "ஏளா, யாரு வந்திருக்கான்னு பாரு. பியூலாவோட அப்பா. காபி போடு"ங்காரு. நான் நெனச்சேன், பயந்துட்டான். இந்த மாதிரி எத்தனை பேரப் பாத்திருக்கேன். குத்தம் உள்ளவன்தான் வாசல்லயே இளிப்பான்.

"லெட்டர் எங்க?"ன்னேன்.

"அனுப்பிட்டேனே. காலையிலதான் அனுப்பினேன். லேட் பண்ணிட்டேன், தப்புதான். எழுதி எழுதிக் கிழிச்சிக்கிட்டே இருந்தேன். சாதாரணமா எழுதிற முடியுமா அந்தப் பொண்ணுக்கு?"

நாங்க இதெல்லாம் நெறைய கேட்டிருக்கோம் அண்ணாச்சி. அடுத்த வாரம் காலி பண்ணிருதேன், நேத்துதான் சாமான் கட்டினேன், எல்லாம் இதே ராகந்தான். "அனுப்பினத வாசியும், தமிழ்ல"ன்னேன். அவருக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனாலும் கம்ப்யூட்டரத் தொறந்து வச்சி ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லுதாரு.

நல்லாத்தான் சொன்னாரு, பொய் சொல்லக் கூடாது. இத்தன வருஷத்துல இப்படி ஒரு புள்ளையப் பாத்ததில்லன்னு எழுதியிருக்காரு. ஒரு நாள் கிளாசுல அவரு போர்டுல போட்டதே தப்புன்னு இவ எந்திரிச்சிச் சொன்னாளாம், ராத்திரி வீட்டுக்குப் போயி பாத்தா இவ சொன்னதுதான் சரியாம், மறுநாள் எல்லாப் புள்ளைய முன்னாலயும் அவரே ஒத்துக்கிட்டாராம். எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கொம்பையாவப் பாத்து, "கேட்டியாலே"ன்னேன். பொறவு, லீவு நாள்ல காலேஜே காலியாக் கெடக்கும்போதும் இவ லேப்ல வெளக்கு எரியும்னு வாசிச்சாரு. அந்த எடத்துல நிறுத்தி என்னைய ஒரு பார்வ பாத்தாரு. எதுக்குப் பாத்தாருன்னு தெரியல. அடுத்த வரிக்குப் போயிட்டாரு.

அடுத்த வரிதான் அண்ணாச்சி எல்லாத்துக்கும் காரணம்.

"இந்த மாணவியோட மொத முயற்சி முழுசாத் தோத்துப்போச்சு. ஒரு வருஷ உழைப்பு வீணாச்சு."

"நிறுத்தும்"னேன். "தோத்துப்போச்சுன்னா எழுதியிருக்கீரு? என் புள்ளையவா?"

"இருங்க, முழுசாக் கேளுங்க. அத அவ மறைக்கல. அவளே வந்து, சார் நான் நெனச்சது தப்பு, மொதல்லேருந்து வாறேன்னு சொன்னா. அதுதாங்க இந்த லெட்டர்லயே முக்கியமான எடம்."

"அந்த வரிய எடும்."

"எடுக்கக் கூடாதுங்க."

"எடுத்துட்டுப் பலமா எழுதும். இவ எதுலயும் தோத்தது கெடையாது, தவசிக்கனி மக யாருக்கும் பயப்பட மாட்டான்னு எழுதும்."

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "ஒரு தடவ அனுப்பிட்டா திருப்பி வாங்க முடியாதுங்க. கம்ப்யூட்டர் விடாது. முடியாது."

இந்த "முடியாது"ங்க வார்த்தை இருக்கு பாத்தியளா. ஒருத்தன் சட்டமா ஒக்காந்துக்கிட்டு முடியாதுன்னு சொல்லுததக் கேட்டாலே எனக்குக் கை தன்னால எந்திரிச்சிரும். கன்னத்துல ஒண்ணு வச்சேன். கண்ணாடி போயி அலமாரிக்குக் கீழ விழுந்துட்டு. வெறும் கண்ணோட என்னையே பாக்காரு, கோவம் இல்ல, என்ன நடக்குன்னே புரியாத பார்வ. அதப் பாத்ததும் எனக்கு இன்னும் ஏறிட்டு. பனியனப் பிடிச்சி இழுத்துச் செவத்துல சாத்தினேன். மூக்குல ரத்தம் வந்துட்டு. "பியூலாவுக்குத் தெரியுமா நீங்க வந்தது?"ன்னு கேட்டாரு. அடி வாங்கிக்கிட்டு இருக்கவன் கேக்குத கேள்வியா இது? "எழுதுவியா மாட்டியா?"ன்னேன். "அது அவளுக்குக் கெடுதல்ங்க"ன்னாரு.

கொம்பையாகிட்ட கண்ணக் காட்டினேன். அவன் வலது கையப் பிடிச்சிக் கதவு நெலையில வச்சான். தேக்குக் கதவு, நல்ல கனம். நான் சாத்தினேன்.

எலும்பு ஒடியுத சத்தம் பெருசா கேக்கும்னு நெனைப்பிய. இல்ல. முறுக்கக் கடிச்ச மாதிரி சின்னச் சத்தந்தான். கைய எடுக்கப் பாத்தாரு, கொம்பையா விடல, இன்னொரு தடவ சாத்தினேன். விரலு நாலும் ஒரு பக்கமாப் போயிட்டு. அவரு அலறி அவயம் போட்டது அதுக்குப் பொறவுதான். கீழ ஒக்காந்துட்டாரு, வேட்டியெல்லாம் ரத்தம். திரும்பிப் பாத்தா அந்தம்மா காபித் தட்டோட நிக்கா. தட்டப் போட்டுட்டு ஓடி வந்து என் காலப் பிடிச்சிக்கிட்டா. நான் பொம்பளையத் தொட மாட்டேன். காலாலத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான்.

கொம்பையாதான் பைய, "அண்ணே, கைய ஒடிச்சாச்சே, இனி எப்படி டைப் அடிப்பாரு?"ன்னான். அது அப்பந்தான் எனக்கே ஒறச்சிது. ஆனாலும் விடல. பொறப்படும்போது குனிஞ்சி, "என் புள்ளையோட வாழ்க்க ஒம்ம கையிலதான் இருக்கு, பாத்துக்கிடும்"னு சொல்லிட்டுத்தான் வந்தேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அன்னா தெரியுதுல்லா, வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குப் போற ரோடு. அங்கனேருந்துதான் பியூலா சென்னை போயி கனடாவுக்குப் போயிருக்கா. நான் வழியனுப்பல. சொல்லுதேன், இருங்க.

வீட்டுக்கு வந்தா பியூலா முத்தத்துல நிக்கா. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. "அப்பா, சாரோட லெட்டரு வந்துட்டு! நீங்க கோயிலுக்குப் போன கையோட வந்துட்டு. அம்மா ஒங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தா. எங்க போயிட்டிய?"

"ஒங்க சாரப் பாக்கத்தான்."

"பாளையங்கோட்டைக்கா? எதுக்குப்பா? நன்றி சொல்லவா?"

அப்படித்தான் கேட்டா அண்ணாச்சி. நன்றி சொல்லவான்னு. நான் என்ன சொல்லன்னு யோசிக்கேன், அதுக்குள்ள அவ கண்ணு என் சட்டைக் கைக்கு வந்துட்டு. வெள்ளச் சட்டையில்லா, மறைக்க முடியல. சிரிப்பு அப்படியே நிக்கி, கண்ணு மட்டும் மாறுது. "அது யார் ரத்தம்?"ன்னா.

"கவலப்படாத மக்கா. இனிமே ஒழுங்கா எழுதுவாரு."

கத்துவான்னு பாத்தேன். கத்தல. நேரா உள்ள போயி கம்ப்யூட்டர் பையத் தோள்ல போட்டா, செருப்ப மாட்டினா. நான் வாசல்ல கைய நீட்டி மறிச்சேன். "எங்க போறளா?"

"வழி விடுங்கப்பா."

"ஒனக்காகத்தானளா செஞ்சேன்!"

அடுப்பாங்கரையிலேருந்து ஞானசெல்வி வந்தா. என் முன்னால நிமிந்து ஒரு பேச்சுப் பேசாதவ. வந்து நெலையிலேருந்து என் கைய எடுத்துவிட்டா. ஒரு விரலா, ஒரு விரலா எடுத்தா. ஏன் விட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கா. அங்கன அந்த மனுசன், கேசெல்லாம் வேண்டாம், அந்தப் பொண்ணோட எதிர்காலம் கெட்டுரும்னு சொல்லியிருக்காரு. பயம், வேற என்ன? இவ கேக்கல. ஸ்டேஷன்ல போயி ஒக்காந்துட்டா. இன்ஸ்பெக்டரு நமக்குப் பழக்கம். எனக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, ஒங்க மகதான் வந்து ஒக்காந்துருக்கு, சமாதானமாப் போம்மான்னா எந்திரிக்க மாட்டேங்கு"ன்னாரு. நான் பேசுதேன், போன அதுட்ட குடுங்கன்னேன். வாங்கல. இன்ஸ்பெக்டரு கேசு எழுத மாட்டேன்னதும், சார் நீங்க எழுதலன்னா நானே எழுதி ஒங்க மேலதிகாரி எல்லாருக்கும் அனுப்புதேன்னிருக்கா. பொறவு எழுதினாரு. "பலத்த காயம் ஏற்படுத்துதல்"னு கேசு. என்னையும் கொம்பையாவையும் கூட்டிட்டுப் போயி பாளையங்கோட்டை ஜெயில்ல வச்சாவ.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. இன்னும் நாலஞ்சு காலேஜுக்கு அதே சாரு லெட்டரு அனுப்ப வேண்டியது பாக்கி இருந்துருக்கு. கைதான் போயிட்டே! பியூலா, இனி ஒங்கள நான் கேக்கவே மாட்டேன் சார்னு சொல்லிட்டாளாம். அவரு ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டே, எடது கையால, ஒரு எழுத்து ஒரு எழுத்தாத் தட்டி எல்லாத்தையும் கெடு முடியறதுக்குள்ள அனுப்பியிருக்காரு. அவரே கோர்ட்டுல சொன்னதுதான். பாத்தியளா? அன்னைக்கு நான் போகாட்டி அனுப்பியிருப்பாரா? கட்டுப் போட்ட கையோட ஒருத்தன் வேல செய்யுதான்னா, அது எங்கேருந்து வந்த வேகம்? நம்ம வக்கீல்ட்ட இதச் சொல்லச் சொன்னேன். அவரு சொல்ல மாட்டேன்னுட்டாரு.

ஜாமீன்ல வந்து தெனமும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். வீட்டுல சமையக்கட்டு பூட்டிக் கெடக்கு. ஞானசெல்வி சாத்தான்குளத்துல தம்பி வீட்டுக்குப் போயிட்டா. பியூலா போறது எனக்கு ஒருத்தரும் சொல்லல. போன பொறவு கொம்பையா பொண்டாட்டிதான் சொன்னா, ஏர்போர்ட்டுல அந்த ஆவுடையப்பனும் அவரு வீட்டம்மாவும் நின்னு கையாட்டினாவன்னு. கை வளஞ்சி போயிட்டாம், முன்ன மாதிரி நிமிராதாம். அந்தக் கையாலதான் ஆட்டியிருக்காரு.

கேசு நடந்துச்சு. அவ வர மாட்டா, அவ சாட்சி இல்லன்னா கேசு பலம் கொறஞ்சிரும்னு வக்கீலு சொன்னாரு. நானும் வர மாட்டான்னுதான் நெனச்சேன். எவ்வளவு ஆனாலும் அப்பன் இல்லா? ஒருநாள் கோர்ட்டுக்குப் போனா செவத்துல பெரிய டி.வி. மாட்டியிருக்கு. என்னன்னு கேட்டா, கனடாவுல உள்ள நம்ம நாட்டு ஆபீசுல அவ வந்து ஒக்காந்து, அங்கனேருந்தே சாட்சி சொல்லப்போறாளாம்.

டி.வி. எரிஞ்சிது. என் புள்ள வந்துட்டா.

கன்னம் கொஞ்சம் ஒட்டிப் போச்சு. தலைமுடிய வெட்டியிருக்கா. கனமா ஒரு கோட்டு போட்டுருக்கா. நான் பக்கத்துல நின்ன கொம்பையாவ இடிச்சி, "பாருலே, கோட்டப் பாருலே"ன்னேன். பெஞ்சு கிளார்க்கு என்னைய அதட்டினாரு. கேசுல எதிரி நான்தானே, எதிரியத் தெரியுமான்னு கேட்டாவ. "தெரியும். என் அப்பா"ன்னா. இந்தப் பக்கம் திரும்பித்தான் சொன்னா. ஆனா அவளுக்கு நான் தெரிஞ்சேனா இல்லியான்னு எனக்குத் தெரியல, டி.வி.யில்லா.

நம்ம வக்கீலு எந்திரிச்சாரு. "உங்க ப்ரொஃபசர் உங்களத் தோத்துப்போனவள்னு எழுதினாரா, இல்லியா?"

"எழுதினாரு."

"அதுல உங்களுக்குப் பாதிப்பு வரும்னுதானே ஒரு தகப்பன் கோவப்பட்டாரு?"

"பாதிப்பு இல்ல. அந்த வரியப் பாத்துத்தான் எடுத்தோம்னு இங்க உள்ள ப்ரொஃபசரே எங்கிட்ட சொன்னாரு."

எனக்கு வெளங்கல அண்ணாச்சி. தோத்துப்போச்சுன்னு எழுதினா எவன் எடுப்பான்? சும்மா அந்த ஆளக் காப்பாத்தச் சொல்லுதா. நீங்களே சொல்லுங்க. சரி விடுங்க.

வக்கீலுக்குச் சுருதி எறங்கிட்டு. "இதுவரைக்கும் உங்க அப்பா உங்களக் கை நீட்டி அடிச்சதுண்டா?"ன்னு கேட்டாரு. நானே சொல்லிக் குடுத்த கேள்விதான். ஒரு அடி அடிச்சதில்ல அவள, அது சாமி அறிய உண்மை.

"இல்ல. என்னைய அடிச்சதே இல்ல"ன்னா. கோட்ட இழுத்து விட்டுக்கிட்டா. "அடிச்சத எல்லாம் என் கண்ணு முன்னால அடிச்சாரு."

போதும் ஒக்காருங்கன்னு நான் வக்கீலப் பாத்து சைகை காட்டுதேன். அதுக்குள்ள ஜட்ஜம்மா, "என்ன அர்த்தம்?"னு கேட்டுட்டாவ. அவ சொல்ல ஆரம்பிச்சிட்டா. அவ ஆறாவது படிக்கும்போது நாங்க காலி பண்ணிவிட்ட ஒரு குடும்பம் எங்க வீட்டுப் பின்னால முடுக்குச் சந்துல மழையில நின்னுருக்கு. ஞானசெல்வி பொறவாசல் வழியா அதுகளுக்குச் சோறு குடுத்துருக்கா. என் சோலிய நான் பாத்துட்டு வந்தா, என் வீட்டுலேயே என்னைய முட்டாளாக்குனா எப்படி? ஒரு அறைதான் விட்டேன். காதுலேருந்து ரத்தம் வரும்னு எனக்கு என்ன சோசியமா தெரியும்? அம்மாவ வலது பக்கம் படுக்க வச்சி இவ துணியால ஒத்திக்கிட்டே இருந்தாளாம், நான் பக்கத்துலயே ஒக்காந்து சாப்பிட்டேனாம். இதெல்லாம் வீட்டு விஷயம்லா? கனடாவுலேருந்து சொல்லுத விஷயமா? கோர்ட்டுல அத்தன பேரும் என்னையத் திரும்பிப் பாக்காவ. எனக்குக் கோவம் வரல, அதுதான் அதிசயம். அவ வாய் அசையுததையே பாத்துக்கிட்டு நின்னேன். சின்னதுலேருந்து அவ பேசும்போது ஒரு பக்கம் உதடு லேசா ஏறும். அது அப்படியே இருக்கு.

பொறவு போதும்னு சொல்லிட்டாவ. டி.வி.ய அணைச்சிட்டாவ.

இன்னைக்குத் தீர்ப்பு அண்ணாச்சி. அதுக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன். தண்டன விழும், மனசத் தேத்திக்கோங்கன்னு வக்கீலு நேத்தே சொல்லிட்டாரு. ஜெயிலப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அவர்ட்ட கேட்டது வேற. தீர்ப்பு அன்னைக்கு அவ டி.வி.யில வருவாளான்னு கேட்டேன். சாட்சி சொன்னதோட அவ சோலி முடிஞ்சிது, வர மாட்டான்னாரு. அப்பீல் போவோம், அப்பமாவது கூப்பிடுவாவல்லான்னேன். அப்பீல்ல எழுதி வச்சதத்தான் பாப்பாங்க, சாட்சிய திரும்பக் கூப்பிட மாட்டாங்கன்னுட்டாரு. எனக்கு எதிராத்தான் சொல்லுதா, தெரியும். சொல்லட்டுமே. மூஞ்சியப் பாக்கலாம்லா.

பொறவு யோசிச்சி யோசிச்சி ஒண்ணு கேட்டேன். "சார், அந்த வாத்தியாருக்கு மறுபடியும் ஒண்ணு ஆயி, புதுசா ஒரு கேசு வந்தா, அப்பம் அவளக் கூப்பிடுவாவளா?"

வக்கீலு எழுதிக்கிட்டிருந்த பேனாவ மூடி வச்சிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சட்டத்துல ஒரு சந்தேகம் கேட்டா அதச் சொல்லாம எதுக்கு அப்படிப் பாக்கணும், சொல்லுங்க?